பாப்பாவுக்கு அந்த மீன் வேண்டாம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மூட்டு வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. பாப்பாவும் மாப்பிள்ளையும் கூடவே இருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் உன் காதுக்கு எட்டும்படி நான் கத்தினால் தெருவே நம் குடும்பக் கதையைக் கேட்கிறது. அதனால் பழையபடி கடிதம்தான்.

உன் மீன் பெட்டி நான் பரிமாறும் சாப்பாட்டுக் கடைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது. விரால் ஒவ்வொன்றும் முன்கை நீளம். பெட்டியைத் திறந்ததும் ஒன்று துள்ளித் தரையில் விழ, பாத்திரம் கழுவுகிறவள் ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், "இது வேணும். வாரா வாரம் வேணும்" என்றார். அவரை நாங்கள் சட்டியம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அவருடைய வியட்நாம் பெயரை நாங்கள் சொன்னால் ராகம் மாறி வேறு ஏதோ பொருள் வந்துவிடுகிறதாம். "நாள் முழுக்க மண்சட்டி முன்னாடிதானே நிக்கறேன், அப்படியே கூப்பிடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்தக் கடைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அரிசியோ கீரையோ மீனோ, பக்கத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைந்ததாக இருக்க வேண்டும். மதியம் கதவு திறக்கும் முன் எது எங்கிருந்து வந்தது என்று வாசல் கரும்பலகையில் எழுதுவோம். பரிமாறுகிறவர்களில் எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் மீனுக்கு நேராக "என் தம்பியின் குளம்" என்று எழுதினேன். சட்டியம்மா அழிக்கச் சொல்லவில்லை.

எலும்பும் தலையுமாகக் காலையிலிருந்து கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, உன் குளத்து வள்ளைக்கீரையையும் புதினாவையும் கிள்ளிப் போட்டுத் தருகிறார். சதைத்துண்டுகள் மிளகோடு மண்சட்டியில் வற்றுகின்றன. ஆபீஸ்காரர்கள் டிபன் டப்பாவை மறந்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். மிச்ச மீனை ஜாடிகளில் உப்பு போட்டு ஊறவைத்திருக்கிறார்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம். உன் மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வாங்கி வைத்து வேடிக்கை பார்க்கிறாயா?

பலகையில் என்னை ஏற்றியதை இவளிடம் படித்துக் காட்டினேன். "அடுத்தது எலெக்‌ஷன்ல நிக்க வேண்டியதுதான்" என்கிறாள்.

குளம் நிரம்பிக் கிடக்கிறது. மேட்டில் சும்மா கிடந்த கோழிக் கொட்டகையை மூன்று மாதம் முன்பு யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்குகிறார்களாம். புகை கொஞ்சம் தொண்டையைக் கரகரவென்று பிடிக்கிறது. மற்றபடி அவர்கள் உண்டு, அவர்கள் வேலை உண்டு. மழை பெய்தால் அந்த மேட்டுத் தண்ணீர் மொத்தமும் என் குளத்துக்குத்தான் இறங்கும். அதனால் இந்த வருடம் தண்ணீருக்குக் கவலை இல்லை.

வாத்து ஒன்று நேற்றிலிருந்து கழுத்தைத் தூக்க மாட்டேன் என்கிறது. என்னை மாதிரி சோம்பேறி.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம், ஒருத்தி மட்டும் நலமும் வாந்தியுமாக இருக்கிறாள். புரிந்துகொண்டாயா? நம் பாப்பா முழுகாமல் இருக்கிறாள். முப்பது வயதானாலும் நமக்குப் பாப்பாதான், இனிமேல் வேறு பெயர் தேட வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் எது செய்தாலும் வயிற்றில் நிற்பதில்லை. சாதத்தைப் பார்த்தாலே ஓடுகிறாள். நிற்பது ஒன்றே ஒன்று, உன் மீன் சாறு. அவள் வேலை செய்யும் தையல் யூனிட் எங்கள் கடைக்கு அடுத்த தெருதானே. தினமும் மதியம் வந்து, ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாள். பிறகு எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சுகிறாள். சட்டியம்மா அவளுக்கென்றே தலைத்துண்டை எடுத்து வைக்கிறார். "உன் மாமாதான் உன்னை வளர்க்கறார்" என்று நேற்று அவளைக் கிண்டல் செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்து முட்டை கிடைக்குமா என்று சட்டியம்மா கேட்கிறார். அந்தச் சோம்பேறி வாத்து எழுந்துவிட்டதா?

உன் வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல். அவள் உடம்பு எப்படி?

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. பாப்பா விஷயம் கேட்டு இருவருக்கும் சந்தோஷம்.

வாத்துகள் இப்போது இல்லை. கொடுத்துவிட்டேன்.

பாப்பாவுக்கு இந்தச் சமயத்தில் பழம், பால் இதெல்லாம் நிறையக் கொடு. மீனையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சூடு. ஒரே சாப்பாட்டைத் தினமும் சாப்பிடுவது நல்லதில்லை என்று எங்கோ படித்தேன். நீ சொன்னால் கேட்பாள். கொஞ்ச நாள் வேறு எதையாவது பழக்கிப் பார்.

இவளுக்கு வயிற்று வலி. வேறொன்றுமில்லை.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

என்ன கடிதம் அது? தந்தி மாதிரி. சூடாம். நீ எப்போது வைத்தியனானாய்? உன் வீட்டுக்காரிக்கு வயிற்று வலி என்றால் டாக்டரிடம் போனீர்களா? வாத்துகளை யாருக்குக் கொடுத்தாய்? பிள்ளைகளைப் போல வைத்திருந்தாயே.

நேற்று கடைக்கு உன் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. வாசலில் நின்று பலகையை நிதானமாகப் படித்தார்கள். உட்கார்ந்ததும் ஒருவர் கேட்டார்: "'என் தம்பியின் குளம்'னு போட்டிருக்கே, யாரோட தம்பி?"

"என் தம்பிதாங்க."

"ஓ. நாங்க அவருக்குப் பக்கத்துலதான் தொழில் பண்றோம், மேட்டுல. நல்ல மனுஷன். அமைதியா இருப்பார்."

"ஆமாங்க, சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்."

"அப்படியே இருக்கச் சொல்லுங்க. அதான் எல்லாருக்கும் நல்லது" என்று சிரித்தார்.

மண்சட்டி மீன் கொண்டுவரட்டுமா என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாமாம். கீரை எங்கிருந்து என்று கேட்டார்கள். சொன்னேன். அதுவும் வேண்டாமாம். வெறும் சாதமும் முட்டையும் சாப்பிட்டு, பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். நம் மீன் அவ்வளவு பேர் வாங்கியிருக்க, உன் ஊர்க்காரர்களே தொடாமல் போனது எனக்கு மனசுக்கு என்னவோபோல இருந்தது.

போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்து, "உங்க பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம், முழுகாமல் இருக்கிறாள் என்றேன். அவளுடைய கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

பதில் போடு. இந்தத் தடவை நாலு வரிக்கு மேல்.

உன் அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

சொல்லாமல் மீனை நிறுத்தியதற்கு மன்னித்துக்கொள். குளத்தைத் தூர் வாருகிறேன். இப்போதைக்கு மீனும் இல்லை, கீரையும் இல்லை. சட்டியம்மாவை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். பலகையில் எழுதியிருப்பதை அழித்துவிடு.

நலமாக இருக்கிறோம்.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பெட்டி வரவில்லை. உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். இப்போது வந்து தூர் வாருகிறேன் என்கிறாய். மீனை வளரவிட்டு நடுவில் யார் தூர் வாருவார்கள்? மழை தொடங்கிவிட்டதே. எனக்கு மீன் வளர்ப்பு தெரியாதுதான், உன்னைத் தெரியும்.

வேறு மீன் வாங்கிச் சமைக்கிறோம். பாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சட்டியம்மா ஜாடியில் ஊறிய உன் மீனைக் கொஞ்சம் கரைத்து ஊற்றினால்தான் அவளுக்கு வாய்க்குப் பிடிக்கிறது. அதுவும் தீரப்போகிறது. கடைக்கு வேண்டாம், அவளுக்காக மட்டும் இரண்டு விரால் பிடித்து வை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பைக்கில் வந்து வாங்கிக்கொள்வார். இதற்குமா சாக்கு சொல்வாய்?

கோபமாக எழுதுகிறேன். அதற்காக உடம்பைக் கவனிக்காமல் இருந்துவிடாதே.

அக்கா


ஜூன் 11

அக்கா,

மாப்பிள்ளையை அனுப்பாதே. பாப்பாவுக்கு அந்த மீன் வேண்டாம். ஜாடியில் இருப்பதும் வேண்டாம். இன்றே கொட்டச் சொல். நாய் பூனை தொடாத இடத்தில் கொட்டச் சொல்.

என்ன ஏது என்று எழுதிக் கேட்காதே.

தம்பி


ஜூன் 15

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தம்பி மனைவி எழுதுகிறேன். நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதே இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது அவருக்குத் தெரியாது.

அவருடைய கடிதங்களை நான்தான் தபாலில் போடுவேன். ஒட்டும் முன் படிப்பேன். நடந்ததை அவர் ஒன்றிலும் எழுதவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

வாத்துகளை யாருக்கும் கொடுக்கவில்லை, அண்ணி. செத்துவிட்டன. இறக்கை தொங்கி, கழுத்து துவண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. கடைசி வாத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேட்டுக்குப் போய்க் கேட்டார். அவர்கள் சத்தம் போடவில்லை. உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம். வாத்து எல்லா ஊரிலயும் சாகும், அதுக்கெல்லாம் ஆள் மேல பழி போடலாமா என்றார்களாம்.

எனக்கு வயிறு முறுக்கிப் பிடிக்கும். மணிக்கட்டில் பலம் இல்லை. குடத்தைத் தூக்கினால் கை மடங்கிக்கொள்கிறது. டாக்டர் ஈறைப் பார்த்துவிட்டு, எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ரத்தம் எடுத்தார். ஈயம் என்று சொன்னார். ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு இருக்கிறது. இப்போது கண்ணாடி பார்ப்பதில்லை.

இது மார்ச் மாதம். உங்கள் கடிதம், பாப்பா உண்டானதைச் சொன்னது, அதற்கு அடுத்த வாரம் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகும் மீன் போனது. பெட்டி ஏற்றும் நாளில் அவர் சாப்பிட மாட்டார். நான், "நிறுத்திடுங்க" என்றேன். "நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க" என்றார். "கேக்கட்டுமே" என்றேன். பெட்டியைக் கட்டப் போய்விட்டார்.

பிறகு அவர்கள் உங்கள் கடைக்கு வந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் அதை முன்பே இங்கே வந்து சொல்லிவிட்டார்கள். "உங்க அக்கா நல்லா பரிமாறுறாங்க. பொண்ணு எத்தனை மாசம்?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் கதவுக்கு உள்பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுக்கிறார்.

பாப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். இதை எழுத நான் இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு எனக்கும் மன்னிப்புக் கிடையாது.

தம்பி மனைவி


ஜூலை 3

தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்க வரவில்லை. உன் வீட்டுக்காரியை மட்டும் விசாரிக்கிறேன்.

பாப்பாவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, எதையும் மறைக்கவில்லை. "குழந்தைக்கும் போயிருக்கும். எவ்வளவு கெடுத்திருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. பிறந்ததும் தெரிஞ்சிடும்னும் சொல்ல முடியாது. நடக்கறது, பேசறது, கத்துக்கறது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் தெரியும்" என்றாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எலும்பையும் உறிஞ்சினேனே, அது ரொம்பத் தப்பா?" ஈயம் எலும்பில்தான் போய்த் தங்குமாம்.

மறுநாள் காலை சட்டியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, சாக்குமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். ஜாடிகள் முதலிலேயே போய்விட்டன, உன் கடிதம் வந்த அன்றே நான் கொட்டவைத்தேன். என்ன காரணம் என்று அப்போது அவர் கேட்டதற்கு, புளித்துவிட்டது என்று பொய் சொன்னேன். நானும் உன் அக்காதானே.

"எத்தனை பேர் சாப்பிட்டிருப்பாங்க?" என்றார். யாரால் சொல்ல முடியும்?

"கடையை ஒரு வாரம் மூடிட்டு, சத்தமில்லாம விட்டுடலாம்" என்று கணக்கெழுதுகிறவர் சொன்னார். சட்டியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய்விட்டார். ஆனால் சட்டியம்மாவும் வாசல் தாழ்ப்பாளை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த நாட்டில் வந்து பிழைக்கிறவர், தம்பி. கல்லெறிந்தால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

மதியம் கதவைத் திறந்தோம். வழக்கமான கூட்டம் வந்து உட்கார்ந்தது. சமையல் எதுவும் செய்யவில்லை. சட்டியம்மா ஈர ஏப்ரனோடு நடுவில் வந்து நின்றார். "இன்னைக்குச் சாப்பாடு இல்ல. யாரும் எழுந்துடாதீங்க, முதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்றார். சொன்னார். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தச் சாறு, எந்தக் கீரை, எல்லாம்.

பிறகு, வாராவாரம் மகனை அழைத்து வரும் ஒரு அம்மா, காலியாக இருந்த ஸ்பூனைப் பையன் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தாள். ஆபீஸ்காரர் ஒருவர் எழுந்து, "என் மனைவிக்குத் தினமும் இங்கேர்ந்துதான் பார்சல் எடுத்துட்டுப் போவேன். பால் கொடுக்கறவ" என்றார். திட்டவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரோ ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனான். அது சுவரில் மோதி விழுந்தது.

"வாசல்ல எழுது" என்றார் சட்டியம்மா. "உன் கையாலதானே எழுதின, நீயே எழுது."

பலகையைத் துடைத்தேன். இங்கே மீனும் கீரையும் சாப்பிட்டவர்கள் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை பாப்பா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

கடை மூடிக் கிடக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருவர் நேற்று எதிர்க்கடை வாசலில் நின்றார். நின்றார், போனார். நான் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமேல் மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? நீ போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தகுதி இல்லாதவன் எழுதுகிறேன். இவள் மருந்தில் இருக்கிறாள், கையில் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது. பாப்பா எப்படி இருக்கிறாள்?

குளத்துத் தண்ணீரையும் சேற்றையும் எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்குப் போனேன். முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனேன். உங்கள் கடையில் சாப்பிட்டவர்கள் சிலர் ரத்தச் சீட்டோடு அங்கே வந்திருந்தார்கள். அந்த ஆபீஸ்காரரும் இருந்தார், பால் கொடுக்கிறவளின் கணவர். நான் யார் என்று சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். நகர்ந்து நின்றுகொண்டார்.

அதிகாரிகள் வந்து கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் அதற்கு முந்தின நாளே மேட்டுக்காரர்கள் உலையைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். போகிற போக்கில் வண்டியை நிறுத்தி, "இனிமே எங்களால உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்று சிரித்தார்கள். எங்கே போய் இறங்கியிருக்கிறார்கள், அங்கே கீழே யாருடைய குளம் இருக்கிறது, தெரியவில்லை. தினமும் அதுதான் நினைப்பு.

மீன்களைப் பிடித்துக் குழி வெட்டிப் புதைத்தேன். சுண்ணாம்பு போட்டு மூடினேன். குளத்தைச் சுற்றி முள்கம்பி.

ஏன் அனுப்பினாய் என்று நீ கேட்கவில்லை. முதலில் தெரியாது. அப்புறம் சந்தேகம். தெரிந்தபோது, ஏற்கெனவே அனுப்பியது வயிற்றுக்குள் போயாகிவிட்டதே, இனி நிறுத்தினால் அதுவும் வெளியே வருமே என்று பயம். ஒவ்வொரு பெட்டியும் முந்தின பெட்டியை மறைக்கத்தான் போனது. இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குழந்தை பிறந்ததும் ஒரு தடவை வந்து பார்க்கலாமா? உள்ளே வர மாட்டேன். வாசலில் நிற்கிறேன்.

தம்பி


நவம்பர் 10

மாமாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். அம்மா மூன்று தடவை உங்களுக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டாள். அதனால் நான்.

பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. பால் குடிக்கிறாள், நன்றாக அழுகிறாள், அவள் அப்பாவின் விரலைக் கொடுத்தால் விடுவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. கதவை வேண்டுமென்றே அறைந்து சாத்தி, திடுக்கிடுகிறாளா என்று பார்க்கிறேன். திடுக்கிட்டால் நிம்மதி. உடனே, அதிகமாகத் திடுக்கிடுகிறாளோ என்று பயம். பக்கத்து வீட்டில் அதே வாரம் ஒரு பையன் பிறந்தான். அவன் வெளிச்சத்தைத் திரும்பிப் பார்க்கிறான் என்று அவன் அம்மா சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சட்டியம்மா கடையைத் திரும்பத் திறந்திருக்கிறார். பாதி மேஜைதான் நிறைகிறது. அம்மா போகிறாள். குழந்தையைப் பார்க்க வந்தபோது சட்டியம்மா கஞ்சி கொண்டுவந்தார். "அரிசியும் தண்ணியும் சோதிச்சாச்சு, சீட்டு இருக்கு" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் சீட்டைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு எதையும் படிக்காமல் சாப்பிடுவேன்.

வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம், மாமா. உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அது மட்டும் காரணம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால், நீங்கள் குழந்தையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்றுதான் பார்ப்பேன். உங்கள் கண்ணில் பயம் தெரிந்தால் என்னால் தாங்க முடியாது.

அவள் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அம்மா என்றோ, பாட்டி என்றோ, காக்கா என்றோகூட. அன்றைக்கு நானே உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதுவரை நாங்கள் காத்திருக்கிற மாதிரி நீங்களும் காத்திருங்கள்.

அத்தையை மறு சோதனைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் இன்னும் ரத்தம் எடுக்கவே இல்லை என்று அத்தை அம்மாவுக்கு எழுதியிருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா